மேல் கம்பியைப் பிடிக்காத பெண்கள்

பஸ்ஸின் நடுவில் நிற்கிறேன். கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறேன். தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடுகிறது. எத்தனையோ ஆண்களின் கை பட்டுப் பட்டு மினுங்குகிற கம்பி. அதைப் பிடித்தால் விழமாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிடிக்கவில்லை.

யன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்றுக் காலம். கண்ணாடிகளை இறுக்கிச் சாத்தியும் உப்பு மணம் உள்ளே வந்து, டீசல் மணத்தோடும், யாரோ கூடையில் கொண்டுபோகிற கருவாட்டு மணத்தோடும் கலந்து நிற்கிறது. முகத்தில் பூசிய பவுடர் வேர்வையில் கரைந்து காதடியால் இறங்குகிறது. துடைக்கவும் பயமாக இருக்கிறது. இந்தப் பஸ்ஸுக்குள் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்றுதான் தெரியாது.

அன்று என்னைப் பெண் பார்க்கும் நாள்.

பார்க்காத மாதிரிப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணுக்குத்தான் பெயர் கெடும். அதனால் கோயிலிலோ, யாருடையவோ கலியாண வீட்டிலோ, தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அந்தத் தற்செயலுக்கு இரண்டு வீட்டாரும் ஒரு மாதமாவது கூடிப் பேசியிருப்பார்கள்.

என்னைப் பஸ்ஸில் வைத்துப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். புங்குடுதீவிலிருந்து தினமும் போய்வருவேன். மாப்பிள்ளை வீடு நயினாதீவு. அவர்கள் லோஞ்சில் கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே வெளிக்கிடுகிற பஸ்ஸில் ஏறி வருவார்கள். எங்கள் சந்தியில் நான் ஏறும்போது அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியும். எனக்கு அவர்களைத் தெரியாது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிந்திய காலம். கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்து சேர்ந்தவர்களால் ஊர்கள் நிறைந்திருந்தன. ஓடிய பஸ்களோ குறைந்துகொண்டு வந்தன. யாரோ ஒரு முதலாளி பழைய பஸ் ஒன்றை வாங்கி, நீலச் சாயம் பூசி ஓடவிட்டிருந்தார். அதற்குள் இருக்க இடம் கிடைத்தால் அன்றைக்கு விடிய யார் முகத்தில் முழித்தோமோ, அந்த முழுவியளம் நல்லது என்று அர்த்தம்.

எனக்கு வயது முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் பேசிக் குழம்பிவிட்டது. எனக்குப் பின்னால் தங்கை நின்றாள். அவளுக்கும் பேச்சுகள் வந்தன. "மூத்தது முடியட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். இந்த இடமும் குழம்பினால் அவளுடைய வாழ்க்கையும் என்னால் நின்றுவிடும். அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் குசினிக்குள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். அதைக் குடிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சம்பந்தத்தைப் பேசிய பெரியம்மா முதல்நாளே வந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"சும்மா சும்மா சிரிக்காதை. கொண்டக்டரோடை கதை வேண்டாம். ஆரும் இடம் தந்தாலும் உடனை போய் இருந்திடாதை. நிண்டால்தான் உன்ரை உயரம் தெரியும்."

"விழுந்திட்டன் எண்டால்?"

"ஏன் விழுறாய்? நாங்கள் ஒருத்தரும் பஸ்ஸிலை நிண்டு போகேல்லையே?"

"மேல் கம்பியைப் பிடிக்கட்டே?"

நான் சுருட்டுப் பத்தக் கேட்டது போலப் பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"குமர்ப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதே? சனத்துக்குக் கமக்கட்டைக் காட்டிக்கொண்டு?"

கம்பி யாருடையது

இது எங்கும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. ஆனால் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பெண்கள் முன்னுக்கு நிற்பார்கள், ஆண்கள் பின்னுக்கு. மேல் கம்பி ஆண்களுடையது. பெண்கள் சீற்றின் முதுகில் இருக்கும் சின்னக் கம்பியைப் பிடிக்கலாம். ஆனால் அந்தச் சீற்றில் ஓர் ஆண் இருந்தால் அவருடைய கழுத்தில் கை பட்டுவிடும், ஆகவே பிடிக்கக்கூடாது. வாசல் தூண் கொண்டக்டருக்கு. மிச்சமிருப்பது அவரவர் கைப்பை. சந்திக்குச் சந்தி "உள்ளுக்குப் போங்கோ, நடுவிலை இடம் கிடக்கு" என்று கொண்டக்டர் தள்ளத் தள்ள, எதையும் பிடிக்காமல் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி நிற்போம்.

அது ஒரு வித்தைதான். சீலைக்குள்ளே கால்களைக் கொஞ்சம் அகட்டி, ஒரு குதியை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து, முழங்காலைத் தளரவிட வேண்டும். எந்த வளைவில் பஸ் எந்தப் பக்கம் சரியும், எந்தக் குழி வருகிறது என்பதெல்லாம் எங்கள் முழங்கால்களுக்குத் தெரியும். பிடிக்காமல் நிற்கிற பெண்ணைப் பார்த்து, அடக்கமான பிள்ளை என்று சொல்வார்கள்.

எங்கள் வழியில் ஒரு ரீச்சர் ஏறுவார். துணிந்து மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குக் கம்பி ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் பிள்ளைகள் அதைக் கரியால் எழுதும் அளவுக்குப் போனது. பிறகு அவர் பஸ்ஸை விட்டுவிட்டுத் தம்பியின் சைக்கிள் கரியரில் போய்வரத் தொடங்கினார்.

இப்போது நான் இருக்கிற நகரத்தில் பஸ்ஸுக்குள் பிடிப்பதற்கென்றே வார்கள் தொங்குகின்றன. பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல் வேறு சொல்கிறது. இன்றைக்கும் கையை உயர்த்துவதற்கு முன் என் கண் ஒருதரம் கமக்கட்டுப் பக்கம் போய்த்தான் வருகிறது. வயது எழுபதை நெருங்குகிறவளின் கமக்கட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று என்னையே ஏசிக்கொள்வேன். ஏசினால் மட்டும் போய்விடுகிற வெட்கமா அது.

அன்றைக்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சீலைக்குப் பொருந்துகிற பிளவுஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நாவல்பழ நிறத்தில். வேர்வை பட்டுப் பட்டு அதன் கமக்கட்டில் சாயம் வெளிறி, திட்டாகத் தெரியும். தேசிக்காயும் உப்பும் போட்டுத் தங்கை இரவெல்லாம் ஊறவைத்தாள். திட்டுப் போகவில்லை.

"கையைத் தூக்காட்டில் தெரியாது அக்கா," என்றாள்.

பக்கத்தில் வந்து நின்ற மனுசி

ஏறியதும் நான் செய்த முதல் வேலை, மாப்பிள்ளையின் தாய் யாராக இருக்கும் என்று கணக்குப் போட்டதுதான். பார்க்கக்கூடாது என்று பெரியம்மா சொன்னால் பார்க்காமல் இருக்க நான் என்ன கல்லா? முன் சீற்றில் மூக்குக்கண்ணாடியும் தடித்த சங்கிலியுமாக ஓர் அம்மா இருந்தார். முகத்தில் சிரிப்பென்பதே இல்லை. சரி, இவர்தான் என்று முடிவெடுத்தேன். என் அடக்கம் முழுவதையும் அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன்.

வேலணை தாண்டுகிற அளவில், நடுச் சீற்றில் இருந்த இன்னொரு மனுசி எழும்பி, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பச்சைச் சீலை. ஒல்லியான உடம்பு. என் கால் நகத்திலிருந்து தொடங்கி மேலே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னலின் நுனி எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. நான் யாருக்கோ காட்டிக்கொண்டு நிற்பதை இந்த மனுசி இலவசமாகப் பார்க்கிறாரே என்று.

"எங்கை பிள்ளை வேலை?"

"ரவுணுக்கை."

"ஒவ்வொரு நாளும் உப்பிடி நிண்டுகொண்டே போறனீர்?"

"ஓம்."

"கால் நோகாதே?"

"பழகிட்டுது."

அவரும் எதையும் பிடிக்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்து, கமக்கட்டுக்குள் கோழிக்குஞ்சு வைத்திருப்பவர் போல நின்றார். என்னைவிட அடக்கமான மனுசியாக்கும் என்று நினைத்து, நானும் முழங்கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடி அம்மா பல்லுவலிக்கு மருந்தெடுக்கப் போனவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓலைச் சைக்கிள்

யாழ்ப்பாணத்துக்குப் போகிற, கடலுக்கு நடுவே போட்ட நீளத் தாம்போதியில் ஏறியதும் காற்று பஸ்ஸைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. முன்னால் ஒருவர் சைக்கிளில் பனையோலைக் கட்டொன்றைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்த ஓலையில் சோளகம் மோதினால் அது தோணிப் பாய்தான். சைக்கிள் அப்படியே சுழன்று நடுத்தெருவுக்கு வந்து படுத்துக்கொண்டது.

சாரதி பிறேக்கை மிதித்தார்.

எனக்கு விழப்போவது தெரிந்தது. கம்பியும் கண்ணுக்குத் தெரிந்தது. கை போகவில்லை. உயிர் போகிற நேரத்திலாவது கை தானாக எழும்பும் என்று நினைத்திருந்தேன். அது கைப்பையைத்தான் இன்னும் இறுக்கியது. முழு உடம்போடு நான் பச்சைச் சீலை மனுசியின் மேல் போய் விழுந்தேன். அவர் பக்கத்துச் சீற்றின் இரும்பு விளிம்பில் விழுந்தார். காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அம்மா!"

பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் சனங்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, கையை அசைக்காதேங்கோ! அசைக்காதேங்கோ!"

அவர் தாயைப் பார்த்தார். பிறகு தாயின் மேல் கிடந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இவர்தான் மாப்பிள்ளை என்பது எனக்கு விளங்கிவிட்டது. என் சீலை முழங்கால் வரை ஏறிக்கிடந்தது. பின்னல் அவிழ்ந்திருந்தது. இத்தனை நாள் மூடி வைத்திருந்த கமக்கட்டுத் திட்டு ஊருக்கெல்லாம் தெரிய விரிந்து கிடந்தது. அந்தத் தாம்போதி அப்படியே பிளந்து என்னைக் கடலுக்குள் விட்டுவிடக்கூடாதா என்று இருந்தது.

கருவாட்டுக்காரி விழுந்திருந்தார். நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லோருமே ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். நின்றுகொண்டிருந்த ஆண்களில் ஒருவர்கூட விழவில்லை. கையில் கம்பியோடு நின்று எங்களைப் பார்த்தார்கள்.

வெட்டாதேங்கோ

பஸ் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் கந்தோரை மறந்து கூடவே இறங்கினேன். இறங்காமல் எப்படிப் போவது? பச்சைச் சீலை மனுசியின் வலது கை தோளிலிருந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் வீங்கியது. பிளவுஸின் கை அந்த வீக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. தாதி கத்தரிக்கோலோடு வந்தார்.

அதுவரை முனகாமல் இருந்த மனுசி அப்போதுதான் குழறினார்.

"ஐயோ வெட்டாதேங்கோ! இது என்ரை சட்டையில்லை!"

"வெட்டாட்டில் கழட்ட ஏலாது அம்மா."

"தங்கச்சியின்ரை சட்டை. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தனான். காலமை போட்ட உடனையே கமக்கட்டிலை தையல் விட்டிட்டுது. கையைத் தூக்கினால் முழுக்கக் கிழிஞ்சுபோம் எண்டுதான் ஒண்டையும் பிடிக்காமல் நிண்டனான்…"

தாதி வெட்டினார். மனுசி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை முறிந்ததற்கு வராத கண்ணீர் அந்தச் சட்டைக்கு வந்தது. என்னைப் பார்க்க வருவதற்காக இரவல் சட்டை போட்டவர். அவரை இந்தக் கோலத்தில் நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கு வெட்கம். பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்பது எனக்கு வெட்கம். என் முந்தானையை இழுத்து அவர் தோளை மூடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு முடிந்ததும் மகன் என்னிடம் வந்தார். நயினாதீவில் கூட்டுறவுச் சங்கக் கடை நடத்துகிறவர் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். கோபத்தை அடக்கிப் பேசப் பார்த்தார். முடியவில்லை.

"நீர் நாளாந்தம் போற ஆள்தானே? மேல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் இது நடந்திருக்குமே?"

தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். ஆனால் காலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது.

"பிடிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் உங்கடை அம்மா என்னை வேண்டாம் எண்டு சொல்லியிருப்பா."

கட்டிலில் இருந்து, சுவரைப் பார்த்தபடியே, தாயின் குரல் வந்தது.

"ஓம் தம்பி. அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

ஊர் வாய்

அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னரே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வந்து காலடி வைக்க முதலே மாமியின் கையை முறித்தவள் என்று. பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "நிக்கத்தானே சொன்னனான், விழவே சொன்னனான்?" என்றார். தங்கை வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கோப்பையைத் தரும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அதே பஸ்ஸில்தான் தொடர்ந்து போனேன். "அக்கா ஏறுறா, தள்ளி நில்லுங்கோ" என்று கொண்டக்டர் பகிடி விட்டான். பெண்கள் சிரிக்காமல் உண்மையாகவே தள்ளி நின்றார்கள். இவ்வளவு நடந்த பிறகாவது கம்பியைப் பிடித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு மனுசியின் கையை முறித்த பிறகும் எனக்கு என் கமக்கட்டுத்தான் பெரிதாக இருந்தது. அதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

சோளகம் ஓய்ந்து, மாரி தொடங்குகிற நேரத்தில் நயினாதீவிலிருந்து ஓர் ஆள் வந்தார். மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தார்: "அந்தப் பிள்ளைக்கு இன்னும் விருப்பமோ எண்டு கேட்டுக்கொண்டு வாருங்கோ."

பெரியம்மா என்னைக் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிற்காலத்தில் எத்தனையோ தரம் மாமியைக் கேட்டிருக்கிறேன், ஏன் என்னை எடுத்தீர்கள் என்று. "கையை முறிச்சுப்போட்டு உன்னைச் சும்மா விடுறதே?" என்று பகிடியாகச் சொல்வார்.

இருக்கிறது ஒரு கை

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், கையைக் காட்டுவதற்காக மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முறிவு ஆறியிருந்தது. ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலை இழுத்துக் கொண்டை போடுவதற்கும் அவருக்கு நான் வேண்டியிருந்தது.

லோஞ்ச் பிந்திவிட்டது. குறிகட்டுவானில் அதே நீல பஸ். இருக்க இடமில்லை, நடுவில் போய் நின்றோம். நான் உடுத்திருந்தது அதே சீலை, அதே நாவல்பழ நிறப் பிளவுஸ். புதுப்பெண் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். கையை முறித்தவளும் கை முறிந்த மாமியும் நாங்கள்தான் என்பதும் தெரியும்.

தாம்போதி வருகிற அளவில் மாமி சொன்னார், அதுவும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி:

"பிள்ளை, மேல் கம்பியைப் பிடி."

"மாமி… எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நீ விழுந்தால் நானும் விழுவன். எனக்கு இருக்கிறது ஒரு கை."

நான் கையை உயர்த்தினேன். கலியாணக் காப்புகள் எல்லாம் சரசரவென்று முழங்கைக்கு இறங்கின. அந்தச் சத்தத்துக்கே நாலு தலை திரும்பியது. பின்னால் யாரோ இருமினார்கள். கம்பி சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. என் காது இரண்டும் எரிந்தன. அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

மாமி அந்த வெளிறிய திட்டைப் பார்த்துவிட்டார். அவ்வளவு துணிவாகச் சொன்னவர், சட்டென்று இடது கையால் என் முந்தானையை இழுத்துக் கமக்கட்டை மூடி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வெட்கம் எங்கும் போய்விடவில்லை. இருந்த ஒரு கையை என் மானத்தை மறைப்பதற்குக் கொடுத்துவிட்டு, தான் எதையும் பிடிக்காமல் நின்றார்.

தாம்போதியில் ஒரு குழி. பஸ் விழுந்து எழும்பியது. மாமி தடுமாறினார். முந்தானையைக் கைவிட்டு என் இடுப்பைப் பிடித்தார். நான் கம்பியை விடவில்லை. நாங்கள் விழவில்லை.

முந்தானை காற்றில் விலகிப் பின்னுக்குப் போய்விட்டது. திட்டு எல்லோருக்கும் தெரிந்தது. மாமி அதைத் திரும்ப இழுத்து மூடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இழுக்கவில்லை. யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அந்தக் கை என் இடுப்பிலேயே இருந்தது. நான் கம்பியைப் பிடித்தபடி வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் கொதித்துக்கொண்டே இருந்தது.